மாணவரின் நேரமும் தொடர்பாடற் சாதனங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழக மாணவர் சமூக ஊடகங்களிலும் செய்திப் பரிமாற்றச் செயலிகளிலும் அளவுக்கு மீறி நேரத்தைச் செலவிடுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு இன்று பரவலாகக் கேட்கப்படுகின்றது. விரிவுரை மண்டபத்திலும் நூலகத்திலும் விடுதியிலும் உணவுச்சாலையிலும் கையடக்கத் தொலைபேசியை நோக்கிக் குனிந்திருக்கும் தலைகளைக் காண்போர், இதனை இத்தலைமுறையினரின் ஒழுக்கக் குறைபாடாகவே பெரும்பாலும் விளக்க முற்படுகின்றனர். காலமும் கருவிகளும் மாறிவிட்டன, மூத்தோர் இதனை உணரவில்லை என்பது மாணவர் தரப்பிலே கூறப்படும் மறுமொழியாகும். இவ்விரு கூற்றுக்களும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், இரண்டும் ஒரே எடுகோளின் மீது கட்டப்பட்டவை. இது முன்னொருபோதும் இல்லாத, முற்றிலும் புதியதொரு நிலைமை என்பதே அவ்வெடுகோளாகும்.

வரலாற்றை நோக்குமிடத்து இவ்வெடுகோள் நிலைபெறுவதாயில்லை. கணினி வழியான அரட்டை, கலந்துரையாடற் களம், நண்பர் வட்டம் ஆகியவற்றுட் பெரும்பாலானவை பல்கலைக்கழக வளாகங்களுக்குள்ளேயே தோன்றியவை. அவற்றை ஆக்கியோரிற் பலர் மாணவரே. அவை தோன்றிய நாள் முதலாகவே அளவுக்கு மீறிய பயன்பாடும் உடன் தோன்றிவிட்டது. அவ்வாறாயின் ஐம்பது ஆண்டுகளில் மாறியது யாது? மாணவரின் நேரத்துக்கு எல்லை வகுத்தவர் யார், அந்த எல்லை தகர்ந்தபோது பயன் பெற்றவர் யார் என்னும் வினாக்களின் வழியாகவே இதற்கு விடை காணமுடியும்.

1. பிளேற்றோவின் செம்மஞ்சள் ஒளி

ஐக்கிய அமெரிக்காவின் இல்லினொய் பல்கலைக்கழகத்திலே, 1960ஆம் ஆண்டில், டொனால்ட் பிற்சர் என்பாரின் தலைமையில் பிளேற்றோ என்னும் கணினிவழிக் கற்பித்தல் முறைமை தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது ஒரே ஒரு முனையத்தைக் கொண்ட பரிசோதனையாகவே இருந்தது. 1964இல் பிற்சரும், சுலொற்றோ, வில்சன் ஆகிய இருவரும் இணைந்து பிளாஸ்மாத் திரையைக் கண்டுபிடித்தனர். செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் அத்திரையைக் கொண்ட நான்காவது பிளேற்றோ முறைமை 1972இல் பயன்பாட்டுக்கு வந்தது. அத்தசாப்தத்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் முனையங்கள் ஒரே மையக் கணினியுடன் இணைக்கப்பட்டிருந்தன. அவற்றுட் சில பல நூறு மைல் தொலைவிலுள்ள வேறு கல்லூரிகளில் அமைந்திருந்தன.

இம்முறைமை பாடம் கற்பிப்பதற்காகவே அமைக்கப்பட்டது. ஆயினும் பலரை ஒரே நேரத்தில் ஒரே கணினியுடன் இணைத்தமை, அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கான வாய்ப்பையும் உடன்விளைவாகத் தோற்றுவித்தது. 1973ஆம் ஆண்டிலே டேவிட் வூலி என்னும் பதினேழு வயது மாணவர், முறைமையின் வழுக்களை அறிவிப்பதற்கென 'நோட்ஸ்' என்னும் செயல்முறையை எழுதினார். ஒருவர் ஒரு குறிப்பை இட, ஏனையோர் அதன் கீழே மறுமொழி எழுதலாம் என்பதே அதன் அமைப்பு. வழு அறிவித்தலுக்கென ஆக்கப்பட்ட இக்களம், விரைவிலேயே இசை, அரசியல், நூல்கள், மனத்துயர் என எல்லாவற்றையும் பேசும் களமாக விரிந்தது. அதே ஆண்டில் டக் பிறவுண் என்பாரும் வூலியும் சேர்ந்து 'ரோக்கோமற்றிக்' என்னும் அரட்டைக் களத்தை உருவாக்கினர. ஐவர் ஒரே வேளையில் அதிற் கலந்துகொள்ளலாம். ஒருவர் அடிக்கும் எழுத்து அக்கணமே மற்றவர் திரையிலே தோன்றும். இருவர் தனித்துப் பேசுவதற்கான வசதியும், தனிப்பட்ட கடிதங்களுக்கான வசதியும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. இன்றைய சமூக ஊடகங்களின் அடிப்படைக் கூறுகளுட் பல இவ்வாறு இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு வளாகத்தில் உருப்பெற்றுவிட்டன எனலாம்.

அளவுக்கு மீறிய பயன்பாடும் அங்கேயே தொடங்கியது. இரவு முழுவதும் முனையத்தின் முன் அமர்ந்திருந்து, விடியும் வேளையில் விடுதி திரும்பிய மாணவரையும், வகுப்புகளைத் தவறவிட்டுப் படிப்பையே கைவிட்டவரையும் பற்றிப் பிளேற்றோவின் வரலாற்றை 2017இல் நூலாக வெளியிட்ட பிறையன் டியர் எடுத்துரைக்கின்றார். 'அவற்றார்' என்னும் ஒரு கூட்டு விளையாட்டிலே மட்டும் 1978க்கும் 1985க்கும் இடையில் ஏறத்தாழ 6 இலட்சம் மணித்தியாலங்கள் செலவிடப்பட்டன. இது முறைமையின் மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 வீதமாகும். ஆகவே திரையின் முன் தன்னை மறந்திருக்கும் மாணவன் கையடக்கத் தொலைபேசியின் காலத்துக்கு நெடுநாள் முன்னரே பிறந்துவிட்டான்.

ஆயினும் ஒரு வேறுபாடு ஈண்டு கருதத்தக்கது. பிளேற்றோவின் முனையங்கள் தொகையில் மட்டுப்பட்டவை. ஒருவர் விளையாடிக்கொண்டிருக்கும் முனையம், பாடம் பயில வந்த மற்றொருவருக்குக் கிடையாமற் போகும். இதனாற் பகல் வேளைகளில் விளையாட்டுக்களுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இக்கட்டுப்பாட்டை விதித்தவர்கள் அதே ஆய்வுகூடத்திற் பணியாற்றியோர், கட்டுப்படுத்தப்பட்டவர்களை முகமறிந்தவர்கள். மாணவன் ஒருவன் முனையத்தின் முன் மேலுமொரு மணித்தியாலம் இருப்பதால் ஆய்வுகூடத்துக்குச் செலவேயன்றி வருவாய் எதுவுமில்லை. முறைமையை உடைமையாகக் கொண்டவரின் நலனும், மிகைப் பயன்பாட்டைக் குறைக்கும் நலனும் அன்று ஒரே திசையை நோக்கியிருந்தன.

2. நள்ளிரவு வலையமைப்புகள்

இந்நிலைமை இல்லினொய்க்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே 1978இல் றோய் ரப்சோ என்னும் மாணவர் 'மட்' எனப்பட்ட பலர் கூடும் கற்பனை உலகமொன்றைக் கணினியில் எழுதத் தொடங்கினார். றிச்சட் பாட்டில் அதனை வளர்த்தெடுத்தார். வெளியிலிருந்து தொலைபேசி வழியாக இணைந்தோருக்கு நள்ளிரவுக்குப் பிந்திய மணித்தியாலங்களே ஒதுக்கப்பட்டன. பகலிலே கணினி கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் தேவைப்பட்டமையே இதற்குக் காரணமாகும்.

1981இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தையும் யேல் பல்கலைக்கழகத்தையும் இணைத்துப் 'பிற்நெற்' என்னும் வலையமைப்புத் தோற்றுவிக்கப்பட்டது. பின்னர் அது நூற்றுக்கணக்கான உயர்கல்வி நிலையங்களுக்குப் பரவியது. இன்றைய அளவுகோலின்படி மிக மந்தமான அதன் இணைப்புக்களின் வழியே ஆய்வாளரின் கோப்புகளும் மாணவரின் அரட்டையும் ஒருங்கே செல்லவேண்டியிருந்தது. அரட்டையின் பெருக்கம் வலையமைப்பையே திணறச் செய்தது. 1985இல் ரெனசி பல்கலைக்கழகத்தின் சற்றனூகா வளாகத்தைச் சேர்ந்த ஜெப் கெல் என்பார் 'றிலே' என்னும் செயல்முறையை ஆக்கினார். ஒரே செய்தி ஒரே இணைப்பின் வழியே பன்முறை செல்லாது ஒரு முறை மட்டும் செல்லும் வகையில் அது அமைக்கப்பட்டிருந்தது. நெருக்கடியான நேரங்களிற் பயன்பாட்டை மட்டுப்படுத்தும் ஏற்பாடுகளும் அதில் இருந்தன. அரட்டையை வசதிப்படுத்திய அதே கருவி அரட்டைக்கு வரம்பும் இட்டது என்பது சிந்திக்கத்தக்கது. 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கறினன் இதனையொத்த கருத்தை இணையத்துக்கு ஏற்ற வகையில் விரித்து, 'ஐ. ஆர். சி.' எனப்படும் அரட்டை முறையைத் தோற்றுவித்தார். 1991 ஓகஸ்டில் மொஸ்கோவிலே நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது, செய்திகள் நாடு கடந்து செல்வதற்கு இம்முறை உதவியது. மாணவரின் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்று பொதுப்பணிக்கும் உரியதாகலாம் என்பதை இது காட்டுகின்றது.

1990களில் விடுதி அறைகளுக்கே வலையமைப்பு இணைப்பு வழங்கப்படலாயிற்று. முனையத்துக்காக வரிசையில் நிற்கவேண்டிய தேவை மறைந்தது. மிகைப் பயன்பாட்டைக் குறிக்கும் சொல் இக்காலப்பகுதியிலேயே வழக்குக்கு வந்தமை தற்செயலானதன்று. 1995இல் நியூயோர்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பேர்க், மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கைந்நூலின் நடையை நையாண்டி செய்யும் நோக்குடன், 'இணைய அடிமைத்தனம்' என்னும் நோயொன்றை வேடிக்கையாக வருணித்தார். படித்தோரிற் பலர் அதனை உண்மையென்றே எடுத்துக்கொண்டனர். 1996இல் கிம்பர்லி யங் இப்பொருளைக் கனதியான ஆய்வுக்குரியதாக முன்வைத்தார். 1997இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்ரின் வளாக மாணவரிடையே கத்லீன் ஷெரர் நடத்திய ஆய்வு, இணையத்தைப் பயன்படுத்தியோரில் நூற்றுக்கு 13 வீதமானோர் அதிற் தங்கியிருக்கும் நிலையிலுள்ளனர் எனக் கூறிற்று.

வேடிக்கையாகப் பிறந்த ஒரு சொல் இரண்டு ஆண்டுகளுள் ஆய்வுச் சொல்லாயிற்று. எனினும் அச்சொல் முழுமையான மருத்துவ அங்கீகாரத்தை இன்றுவரை பெறவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு, கணினி விளையாட்டுக் கோளாறைச் சேர்த்துக்கொண்டது. சமூக ஊடக அடிமைத்தனம் என ஒன்றைத் தனியே சேர்க்கவில்லை. 'அடிமைத்தனம்' என்னும் சொல்லைக் கையாள்வோர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். அச்சொல் நோயைப் பயன்படுத்துவோனிடத்தே காண்கின்றது. கருவியிடத்தும் அதன் உடைமையாளரிடத்தும் நோக்கைச் செலுத்துவதில்லை.

3. ஹாவட்டிலிருந்து உலகுக்கு

2004 பெப்ரவரி 4ஆம் திகதி, ஹாவட் பல்கலைக்கழக மாணவரான மார்க் சக்கர்பேர்க்கும் அவருடைய நண்பர் சிலரும் இணைந்து முகநூலைத் தொடக்கினர். மாணவரின் ஒளிப்படங்களையும் பெயர்களையும் தாங்கி அச்சிலே வெளிவந்த அறிமுகக் கையேடுகளிலிருந்தே அதன் பெயர் பெறப்பட்டது. ஹாவட் மின்னஞ்சல் முகவரி உடையோர் மட்டுமே முதலில் அதிற் சேரலாம். அடுத்த மாதத்தில் ஸ்ரான்போட், கொலம்பியா, யேல் ஆகிய பல்கலைக்கழகங்களுக்கும், தொடர்ந்து ஏனைய கல்லூரிகளுக்கும் அது விரிந்தது. அவ்வாண்டின் இறுதியில் அதன் உறுப்பினர் தொகை 10 இலட்சத்தை எட்டியது.

தொடக்ககால முகநூல், தன்மையளவில் பிளேற்றோவுக்கே நெருக்கமானது. அது ஒரு வளாகத்தாரின் முகவரிப் புத்தகம். ஒருவரைப் பற்றி அறிய விரும்புபவர் அவருடைய பக்கத்தைத் தேடிச் செல்லவேண்டும். தேடியது கிடைத்தபின் அங்கிருந்து வெளியேறுவதற்கு இயல்பானதோர் இடம் இருந்தது.

2006ஆம் ஆண்டு இந்நிலைமையை மாற்றியது. அவ்வாண்டு செப்ரெம்பர் 5ஆம் திகதி 'செய்தியோடை' அறிமுகப்படுத்தப்பட்டது. நண்பர் ஒவ்வொருவரும் செய்தவை, எழுதியவை, மாற்றியவை யாவும் தேடிச் செல்லாமலே ஒருவர் கண்முன் வந்து குவியலாயின. மாணவர் இதனை விரும்பி ஏற்றனர் என்று கருதுதல் தவறாகும். சில நாட்களுக்குள் பல இலட்சம் பேர் எதிர்ப்புக் குழுக்களிற் சேர்ந்தனர். அவ்வெதிர்ப்பும் முகநூலின் வழியாகவே, அதே செய்தியோடையின் துணையாலேயே பரவியமை வரலாற்றின் முரண்நகையாகும். நிறுவனம் வருத்தம் தெரிவித்துச் சில தனியுரிமை ஏற்பாடுகளைச் சேர்த்தது, செய்தியோடையை நீக்கவில்லை. எதிர்ப்பு ஓய்ந்தது. அம்மாத இறுதியிலே பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட எவரும் சேரலாம் என்னும் விதியுடன் முகநூல் வளாகத்தின் வாயிலைக் கடந்து வெளியேறியது.

அதே 2006இல் ஏசா றஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கத்தின் அடியை எட்டுமுன்னரே அடுத்த பகுதி தானாக வந்து சேரும் முடிவிலா உருட்டலை வகுத்தார். பிற்காலத்தில் அதன் விளைவு குறித்து அவரே பகிரங்கமாக வருந்தினார். நூலுக்கு அத்தியாய முடிவு உண்டு. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. பிளேற்றோவின் முனையத்துக்கு விடியற்காலை உண்டு. முடிவிலா உருட்டலுக்கு இவற்றுள் எதுவுமில்லை. 2007இல் ஐபோன் வெளிவந்ததைத் தொடர்ந்து திறன்பேசிகள் பரவ, இருக்கையை விட்டு எழும் தருணமும் இல்லாதொழிந்தது.

4. நேரம் பண்டமாதல்

தொழினுட்ப மாற்றங்கள் மட்டும் இந்நிலைமையை முற்றாக விளக்கமாட்டா. அவற்றுக்கு அடிநாதமாக அமைந்த பொருளாதார உறவை நோக்குதல் இன்றியமையாதது. 1971இலேயே பொருளியல் அறிஞர் ஹேபேட் சைமன், தகவல் பெருகுமிடத்து அதனை நுகரும் மனிதரின் கவனம் அருமையான வளமாகிவிடும் என்னும் கருத்தை முன்வைத்தார். அருமையான வளம் எதுவாயினும் சந்தையில் அதற்கு விலை ஏற்படுதல் இயல்பு. மாணவர் முகநூலுக்குக் கட்டணம் செலுத்தவில்லை, விளம்பரதாரர் செலுத்தினர். விளம்பரதாரருக்கு விற்கப்பட்டது மாணவரின் கவனமாகும். முகநூலின் தாய் நிறுவனமான மெற்றா 2023இல் ஈட்டிய மொத்த வருமானம் ஏறத்தாழ 13,500 கோடி டொலர். அதிற் பெரும்பகுதி, அதாவது நூற்றுக்கு 97 வீதத்துக்கும் மேற்பட்டது, விளம்பரத்தால் வந்தது.

இவ்வுறவு நிலைபெற்றபின் ஒவ்வொரு புதிய கூறும் ஒரே திசையை நோக்கியது. 2009இல் 'விருப்பு' பொத்தான் வந்தது. எழுதியவர் தமக்குக் கிடைத்த அங்கீகாரத்தை எண்ணிப் பார்க்க மீண்டும் மீண்டும் திரும்பலானார். 2011இல் ஸ்ரான்போட் மாணவர் சிலரால் ஆக்கப்பட்ட ஸ்னப்சற், பின்னர் இருவர் நாள் தவறாது படம் பரிமாறும் நாட்களை எண்ணிக் காட்டும் முறையைப் புகுத்தியது. ஒரு நாள் தவறினும் எண்ணிக்கை முழுவதும் அழிந்துவிடும். நட்பு என்பது நாளாந்தக் கடமைக் கணக்காக மாற்றப்பட்டது. முகநூலின் முதலாவது தலைவராக இருந்த ஷோன் பாக்கர், பயனரின் நேரத்தையும் கவனத்தையும் இயன்றவரை கூடுதலாகக் கவர்ந்துகொள்வதே அதனை ஆக்கியோரின் சிந்தனையாக இருந்தது என 2017இல் வெளிப்படையாகக் கூறினார்.

செய்திப் பரிமாற்றச் செயலிகளின் வரலாறும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 2009இல் ஜான் கூமும் பிறையன் அக்ரனும் வட்ஸ்அப்பைத் தொடக்கியபோது, விளம்பரத்தை முற்றாக நிராகரித்தனர். சிறியதோர் ஆண்டுக் கட்டணமே வருவாய்க்கு வழியாக இருந்தது. 2014இல் முகநூல் நிறுவனம் 1,900 கோடி டொலருக்கு அதனை வாங்குவதாக அறிவித்தது. அவ்வாண்டின் நவம்பரில், செய்தி வாசிக்கப்பட்டதை அனுப்பியவருக்கு அறிவிக்கும் நீலக் குறிகள் புகுத்தப்பட்டன. கடிதத்துக்கு ஆறுதலாக மறுமொழி எழுதும் உரிமை இதனாற் குறுகியது. வாசித்தும் மறுமொழி தராமை ஓர் அவமதிப்பாகக் கொள்ளப்படலாயிற்று. 2016இல் கட்டணம் நீக்கப்பட்டது. 2025இல் செயலியின் ஒரு பகுதியில் விளம்பரங்களும் இடம்பெறும் என அறிவிக்கப்பட்டது.

இல்லினொய் ஆய்வுகூடத்துக்கு மாணவனின் மேலதிக மணித்தியாலம் செலவாக இருந்தது. இந்நிறுவனங்களுக்கு அதே மணித்தியாலம் வருவாயாயிற்று. எல்லை வகுக்கும் வலுவுடையோர், எல்லை தகர்வதாற் பயன்பெறுவோராக மாறினர். ஐம்பது ஆண்டு வரலாற்றின் அடிப்படை மாற்றம் இதுவேயாகும்.

5. விளைவு பற்றிய சான்றுகள்

முகநூல் கல்லூரிகளுக்கு ஒரே நாளிற் சென்று சேரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றது. இவ்வரலாற்று நிகழ்வே பின்வந்த ஆய்வாளருக்கு ஓர் இயற்கைப் பரிசோதனையாயிற்று. பிறகியேரி, லெவி, மகாறின் ஆகிய மூவர் 2022இல் வெளியிட்ட ஆய்வு, முகநூல் முந்திச் சென்ற கல்லூரிகளையும் பிந்திச் சென்ற கல்லூரிகளையும் மாணவர் நலம் பற்றிய அக்கால ஆய்வுத் தரவுகளைக் கொண்டு ஒப்பிட்டது. முகநூல் வந்து சேர்ந்த கல்லூரிகளில் மனச்சோர்வு முதலான அறிகுறிகள் அதிகரித்தன. மனநலக் குறைவு தம் கல்வியைப் பாதித்ததாகக் கூறிய மாணவரும் அதிகரித்தனர். பிறருடைய வாழ்வோடு தம் வாழ்வை ஒப்பிட்டுத் தம்மைத் தாழ்வாகக் கருதுதலே இதற்கு முக்கிய காரணமாகலாம் என அவர்கள் முடிவுசெய்தனர். இவ்விளைவு செய்தியோடைக்கும் திறன்பேசிக்கும் முந்திய எளிய முகநூலின் காலத்துக்கே பெரிதும் உரியது. ஆகவே தீங்கு முழுவதையும் வணிக நோக்கின் மீது சுமத்துதலும் பொருந்தாது. பழைய பலவீனமொன்று முன்னரே இருந்தது. பின்வந்த பொருளாதார உறவு அதனைத் தணிப்பதற்குப் பதிலாக வளர்த்து அறுவடை செய்தது.

இவ்வாறாயின் மாணவர் ஏன் வெளியேறுவதில்லை? லெயனாடோ பேர்ஸ்ரின் முதலானோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு விடையளிக்கின்றது. அமெரிக்கக் கல்லூரி மாணவர், நான்கு வாரங்களுக்கு டிக்டொக் கணக்கை முடக்கி வைப்பதற்குச் சராசரியாக 59 டொலரும், இன்ஸ்டகிராம் கணக்கை முடக்கி வைப்பதற்கு 47 டொலரும் கேட்டனர். ஆனால் தம்முடன் சேர்ந்து ஏனைய மாணவரும் முடக்கிவைப்பர் என்னும் நிலை கூறப்பட்டபோது, அந்நிலை ஏற்படுவதற்காகத் தாமே முறையே 28 டொலரும் 10 டொலரும் கொடுப்பதற்கு இணங்கினர். அதாவது தனியே வெளியேற எவரும் விரும்பவில்லை. எல்லோரும் வெளியேறுவதையே பலர் விரும்பினர். எல்லோரும் இருக்கும் காரணத்தால் ஒவ்வொருவரும் இருக்கின்றனர். ஆய்வாளர் இதனைக் கூட்டுப் பொறி என விளக்கினர்.

இக்கண்டுபிடிப்பு மன உறுதி பற்றிய போதனைகளின் போதாமையை வெளிப்படுத்துகின்றது. பொறி கூட்டானது, தனியொருவரின் வைராக்கியம் அதனைத் திறக்கமாட்டாது. வெளியேறும் மாணவன் தீய பழக்கம் ஒன்றை மட்டும் இழப்பதில்லை. தன் வகுப்பையே இழக்கின்றான்.

6. இலங்கை அனுபவம்

இலங்கையிலும் இணையத்தின் தொடக்கம் பல்கலைக்கழகங்களோடு தொடர்புடையது. 1995இல் வணிக நிறுவனங்கள் பொதுமக்களுக்கு இணையச் சேவை வழங்கத் தொடங்குவதற்கு முன்னரே, பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிலையங்களையும் இணைத்த 'லேர்ன்' வலையமைப்பின் முயற்சியால் மின்னஞ்சல் வசதி ஏற்படுத்தப்பட்டிருந்தது. 2020இல் கொவிட் பெருந்தொற்றால் வளாகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் அதே வலையமைப்பின் துணையுடன் இணையவழியே நடைபெற்றன. எனினும் வகுப்பு எப்போது, ஒப்படை எந்நாளுக்கு, குறிப்புகள் எங்கே என்பவற்றை அறிவிக்கும் பணி பெரும்பாலும் வட்ஸ்அப் குழுக்களைச் சென்றடைந்தது. வளாகங்கள் மீளத் திறக்கப்பட்ட பின்னரும் அக்குழுக்கள் மறையவில்லை. அறிவித்தற் பலகையின் முன்னே நின்று வாசித்துச் செல்லும் மாணவனை அப்பலகை பின்தொடர்ந்து வருவதில்லை. குழுவோ விடுதிக்கும் வீட்டுக்கும் படுக்கைக்கும் உடன்வருகின்றது. ஓர் அறிவித்தலை அறிவதற்கு நூறு செய்திகளைக் கடக்கவேண்டியுள்ளது.

தடை விதித்தலே பரிகாரம் என்போர் அண்மைக்கால வரலாற்றை நோக்குதல் நன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் எழுச்சியின்போதும் இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. முதலிரு சந்தர்ப்பங்களிலும் வெறுப்புப் பேச்சையும் வதந்தியையும் தடுத்தல் காரணமாகக் காட்டப்பட்டது. மூன்றாவதில் மக்கள் ஒன்றுகூடுவதற்குப் பயன்பட்ட வழியே அடைக்கப்பட்டது. மொஸ்கோவின் 1991ஆம் ஆண்டு நினைவுகூரத்தக்கது. மேலிருந்து விதிக்கப்படும் தடை, அளவு மீறலையும் சுதந்திரத்தையும் வேறுபடுத்தி அறியாது. மாணவர் தமக்கெனக் கண்டுபிடித்த பேசும் உரிமையைக் காத்துக்கொண்டே, பறிபோகும் நேரத்தை மீட்பதே உண்மையான பிரச்சினையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. மாணவர் ஒருவரோடொருவர் பேச விழைதல் இயல்பானது; அவ்விழைவே இச்சாதனங்களைப் படைத்தது. அளவு மீறலும் அவ்விழைவின் உடன்பிறப்பாகும். அதனை இத்தலைமுறையின் பிறவிக் குற்றமாகக் கொள்ளுதல் வரலாற்றுக்கு முரணானது. முற்காலத்தில் அவ்விழைவுக்கு எல்லை வகுத்தது அந்தந்த வளாகத்துச் சமூகமே. அவ்வெல்லை வகுக்கும் அதிகாரம் வளாகத்தைவிட்டு வெளியேறி, எல்லையின்மையால் இலாபமடையும் நிறுவனங்களின் கைக்குச் சென்றமையே இன்றைய நெருக்கடியின் வேராகும்.

எனவே பரிகாரமும் அவ்வதிகாரத்தை ஓரளவேனும் வளாகத்துக்கு மீட்பதிலேயே தங்கியுள்ளது. பல்கலைக்கழகத்தின் அறிவித்தல்கள் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளங்களின் வழியே, குறித்த நேரத்தில் வெளியிடப்படலாம். இரவிலே அனுப்பப்படும் செய்திக்கு மறுநாள் வரை மறுமொழி எதிர்பார்க்கப்படுவதில்லை என ஆசிரியரும் மாணவரும் உடன்படலாம். பரீட்சைக் காலத்திற் குழுக்களை ஒருங்கே மூடிவைக்க ஒரு வகுப்பு தானே தீர்மானிக்கலாம். இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும் ஒருவர் தனியே செய்யமுடியாததும் எல்லோரும் சேர்ந்து எளிதிற் செய்யக்கூடியதுமான செயல்கள் இவை. கூட்டுப் பொறிக்குக் கூட்டு உடன்பாடே திறவுகோலாகும். மாணவர் சங்கங்களும் விரிவுரையாளரும் இதனைத் தம் கடமையாகக் கொள்வார்களாயின், 1973இல் ஒரு பதினேழு வயது மாணவன் தன் தோழர்க்கென ஆக்கிய கருவி மீண்டும் மாணவரின் பணிக்கே உரியதாகும்.